பி.ஏ. நடத்திய இறுதி ஊர்வலம்

பட்டம் வாங்கியவர்கள் இருக்கும் கூட்டத்தில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. "இது இங்கே யாருக்காவது தெரியுமா?" என்பதுதான் அது. தெரிந்தவன் யோசிப்பான். தெரியாதவன் சுவரைப் பார்ப்பான். பட்டம் வாங்கியவன் ஓரடி முன்னால் வந்து நிற்பான். ஒருநாள் நான் அப்படி முன்னால் வந்து நின்றதால், ஒரு நல்ல மனிதன் தன் கடைசிப் பயணத்தில் பட்ட அலைச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன். (சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். செத்தவனின் அக்காவே இப்போது சிரிக்கிறார்.)

ரப்பர் விலை தரையில் கிடந்த காலம் அது. நான் மதராஸில் பி.ஏ. முடித்து, கப்பலில் மலாய் நாட்டுக்குத் திரும்பி, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சர்க்கார் இருக்கிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததால், என்னைப் புதிதாகக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அப்பா சாப்பாட்டு வேளையில்தான் வேலை விஷயம் கேட்பார். அதனால் மத்தியானச் சாப்பாட்டைப் பாக்கியம் அக்காவின் மெஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டேன். மாலையில் சர்க்காரின் பகுதிநேரப் பட்டாளமான தொண்டர் படையில் சேர்ந்தேன். சம்பளம் பெரிதாக இல்லை என்றாலும் காக்கி உடுப்பு கொடுத்தார்கள். உடுப்புப் போட்டவனை யாரும் "என்ன செய்யிறீங்க தம்பி?" என்று கேட்பதில்லை.

எங்கள் தமிழ்ப் பிளட்டூனில் லான்ஸ் கார்ப்பரல் தங்கவேலு. ரயிலில் கார்டு வேலை. பாக்கியம் அக்காவின் ஒரே தம்பி. புருஷனை இழந்து, மெஸ் நடத்தி, அந்தத் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அக்கா. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவன் என்றாலும் தங்கவேலு என்னை "பி.ஏ." என்றுதான் கூப்பிடுவான். அவன் வாயில் அது பட்டமாக ஒலிக்காது. ஏதோ தீராத வியாதியின் பெயர் போல ஒலிக்கும்.

வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பட்டாளத்துக்குப் போகிறவனுக்குப் பல்கலைக்கழகம் வேறெங்கும் கிடைக்காத அனுபவம் தருமா?" என்று விவாதம் வைத்தார்கள். தரும் என்று நான். தராது என்று தங்கவேலு. நான் முக்கால் மணி நேரம் பேசினேன். ஆட்களை நடத்தும் ஆற்றல் என்றேன், நெருக்கடியில் நிதானம் என்றேன், கிரேக்கர்களையும் ரோமர்களையும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரவழைத்து வரிசையாக நிற்க வைத்தேன். தங்கவேலு எழுந்தான்.

"சார்ஜண்ட் கத்துறப்ப படிச்சவனுக்கும் ரெண்டு காதுதான், படிக்காதவனுக்கும் ரெண்டு காதுதான். படிச்சவன் அதுல எந்தக் காதால கேக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டு நிப்பான். அதுக்குள்ள குண்டு வந்துடும் லா."

உட்கார்ந்துவிட்டான். கை தூக்கச் சொன்னார்கள். என் அப்பாவே அவன் பக்கம் கை தூக்கினார்.

அந்த வருஷம் முகாம் கிள்ளானுக்கு அப்பால், கடலோரச் சதுப்பில். எல்லாரையும் கொசு கடித்தது. தங்கவேலுவுக்கு மட்டும் காய்ச்சல் தலைக்கு ஏறியது. கொய்னா மருந்து கொடுத்தார்கள், பனிக்கட்டி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டான். எங்கள் பிளட்டூனில் முதல் சாவு. யுத்தமே இல்லாத காலத்தில், துப்பாக்கியைத் துடைப்பதைத் தவிர வேறெதற்கும் எடுக்காத ஒரு படையில், ஒரு கொசுவிடம் முதல் ஆளை இழந்தோம்.

எங்கள் மேஜர் துரை நல்லவர். "அவன் சிப்பாய். சிப்பாய் மாதிரிதான் போகவேண்டும். ஆனால் உங்கள் மதமுறை எதுவும் கெடக்கூடாது" என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "ராணுவ இறுதி ஊர்வலம் நடத்தும் முறை உங்களில் யாருக்காவது தெரியுமா?"

சார்ஜண்டுக்குக் கிள்ளானில் அதே காய்ச்சல். மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"எங்கள் பல்கலைக்கழகத்தில், ஐயா..." என்று ஆரம்பித்தேன்.

மதராஸில் கல்லூரிப் பயிற்சிப் படையில் இரண்டு வருஷம் இருந்தது உண்மை. அதில் பெரும்பகுதி பித்தளைப் பொத்தான்களைத் தேய்த்தேன். ராணுவ இறுதி ஊர்வலம் ஒன்றைப் பார்த்ததும் உண்மை. டிராமில் போகும்போது பார்த்தேன். என் முன்னால் ஒரு பருத்த மனிதர் நின்றிருந்ததால் ஊர்வலத்தின் முன்பாதிதான் தெரிந்தது. ஆனால் கல்லூரி ஒன்றை நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது. கேள்வித்தாளில் எந்தக் கேள்விக்கும் இடம் விட்டு வைக்கக்கூடாது. பதில் தெரிகிறதோ இல்லையோ, இரண்டு பக்கம் எழுதிவிட வேண்டும். பல்கலைக்கழகம் வேறெங்கும் கிடைக்காத அனுபவம் தருமா என்று கேட்டால், எனக்குத் தந்தது இதுதான்.

அன்று மத்தியானம் மெஸ்ஸுக்குப் போனேன். முதல்முறையாக அங்கே அடுப்பு எரியவில்லை. பாக்கியம் அக்கா அழுது ஓய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் ராணுவ மரியாதை பற்றிச் சொன்னேன். கொடி போர்த்துவது, துப்பாக்கி வேட்டு, எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் எனக்குப் புரியாது தம்பி. அவன் ஒரு தடவதான் போவான். ஒழுங்கா அனுப்பி வைங்க. அது போதும்."

"என்கிட்ட விட்டுடுங்க அக்கா" என்றேன்.

மறுநாள் ஊர்வலம். முன்னால், இரவல் வாங்கிய வாளுடன் நான். எனக்குப் பின்னால் வேட்டுப் போடும் ஆட்கள், துப்பாக்கியைத் தலைகீழாகக் கக்கத்தில் இடுக்கி, தலைகுனிந்து, இரண்டு வரிசையாக. அதன்பின் பாடை. தூக்குபவர்கள் ஆறு பேரும் எங்கள் பிளட்டூன் ஆட்கள்தான். அதன்பின் பறைமேளம், உறவினர், ஊர்ப் பெரியவர்கள். கடைசியில், கையில் கறுப்புத் துணி கட்டிய மேஜர் துரை. பெண்கள் வழக்கம்போல் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

மெதுநடைதான் முதல் சிக்கல். ஒரு காலை வைத்து, நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்த காலை வைக்கவேண்டும். பறையோ ஆளைத் தூக்கி ஆடவைக்கும் அடி. என் ஆட்களின் தலை பட்டாளமாகவும் கால் பிரிக்ஃபீல்ட்ஸாகவும் பிரிந்து கிடந்தன. மேளக்காரர் சின்னக்கண்ணுவிடம் போய், கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொன்னேன்.

"இதுக்கு மேல மெதுவா அடிச்சா செத்தவனே எழுந்து என்னாச்சுன்னு கேப்பான் அண்ணே" என்றார்.

ஆனாலும் அடித்தார். ஊர்வலம் நகர்ந்தது. தெருவின் இரண்டு பக்கமும் சீனர்கள் கடையை விட்டு இறங்கி நின்று பார்த்தார்கள். வெயிலில் வாள் பளபளத்தது. துக்கத்தின் நடுவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் நடை எனக்கே பிடித்திருந்தது.

இப்போது ஒரு விஷயம் சொல்லவேண்டும். இதைப் படிக்கும் தமிழர்கள் அநேகமாக எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்குத்தான் அன்று தெரியாது. சுடுகாட்டுக்குப் பாதி வழியில் பாடையை இறக்குவார்கள். சடங்கு செய்து, தலைமாடு கால்மாடாகத் திசையை மாற்றித் திரும்பத் தூக்குவார்கள். போகிற உயிருக்கு வீட்டுக்கு வரும் வழி மறந்துபோக வேண்டும் என்பதற்காக. நான் அதுவரை ஒரு சாவு ஊர்வலத்திலும் போனதில்லை. அப்பா அம்மா உயிரோடு இருக்கிற பிள்ளை சுடுகாட்டுப் பக்கம் போகக்கூடாது என்று அம்மா விட்டதில்லை. மற்ற வருஷங்களில் மதராஸில் பொத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று சாலைகள் கூடும் இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதைத் தாண்டியபோது பின்னால் பறை நின்றது. என் ஆட்களை நிறுத்தி, வரிசையை ஒழுங்குபடுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பாடை தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. என் பக்கம் நீட்டியிருந்த தங்கவேலுவின் கால் இப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நீட்டியிருந்தது. தூக்கியவர்கள் பாடையோடு சேர்ந்து சுற்றிவந்ததால் அவர்களும் வீட்டைப் பார்த்து நின்றார்கள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் தோள் மாற்றி, சுடுகாட்டுப் பக்கம் திரும்பியிருப்பார்கள். நான் அந்த ஒரு நிமிஷத்தை விடவில்லை.

என் மூளை பரீட்சை எழுத ஆரம்பித்தது. பாடை திரும்பியிருக்கிறது. அப்படியானால் யாரோ திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லக்கூடியவர் மேஜர் துரை. அவர் காரணமில்லாமல் சொல்லமாட்டார். நெருக்கடியில் நிதானம் தேவை. கேள்வி கேட்பது நிதானமாகாது. சடங்கை முன்னின்று நடத்திய பெரியவர் ஆறுமுகம் பத்தடி தூரத்தில்தான் நின்றார். அவரிடம் "என்ன நடக்குது?" என்று மூன்று வினாடியில் கேட்டிருக்கலாம். ஆனால் வாள் வைத்திருப்பவன் எப்படிக் கேட்பது?

என் ஆட்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, முழுக் குரலில் மெதுநடை உத்தரவு கொடுத்தேன்.

பாடை தூக்கியவர்களும் சிப்பாய்கள்தானே. கடைசியாகக் கேட்ட உத்தரவுக்குக் கால் வைத்தார்கள். ஊர்வலம் வீட்டைப் பார்த்து நகர்ந்தது. நான் இப்போது கடைசியில் இருந்தேன். தலைவன் கடைசியில் வரக்கூடாது என்பதால் ஓரமாக ஓடி முன்னால் போனேன். (வாளைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக ஓடுவது சாத்தியமில்லை. நான் முயன்று பார்த்தவன்.) பாடையின் முன்கொம்பைச் சுமந்த தபாலாபீஸ் கோபால் பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தான்:

"எங்கடா போறோம்?"

"ஊர்வலத்துல பேசக்கூடாது" என்றேன்.

ஏன் ஒருவரும் தடுக்கவில்லை என்று இத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள். பிறகு விசாரித்ததில் தெரிந்தது இது. பெரியவர் ஆறுமுகம் திகைத்துப்போய் மேளக்காரரைப் பார்த்திருக்கிறார். சின்னக்கண்ணு, "வெள்ளக்காரன் பட்டாளத்து முறை போலருக்கு" என்றிருக்கிறார். பெரியவர் சந்தேகம் தீராமல் மேஜர் துரையிடம் போயிருக்கிறார். துரையோ ஊர்வலம் திரும்பியதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்து, "அடாட்?" என்று மலாயில் மெல்லக் கேட்டிருக்கிறார். அடாட் என்றால் வழக்கம். உங்கள் வழக்கமா என்று அவர் கேட்டார். "இது எங்கள் பட்டாளத்து வழக்கம்" என்று துரை சொல்வதாகப் பெரியவர் எடுத்துக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டினார். துரைக்கு அது எங்கள் முறை. எங்கள் ஆட்களுக்கு அது துரையின் முறை. எனக்கு அது யாரோ போட்ட உத்தரவு. இப்படி எல்லாரும் அடுத்தவர் சம்பிரதாயத்துக்கு மதிப்புக் கொடுத்து, செத்தவனை அவன் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனோம்.

பிணம் போனபிறகு வீட்டைக் கழுவி விடுவார்கள். நாங்கள் தெருமுனையில் திரும்பியபோது பாக்கியம் அக்கா தலை முழுகி, ஈரக் கூந்தலோடு, வாசல் சிமெண்டில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். வாளி கையிலிருந்து விழுந்து உருண்டது.

அவர் ஓடிவந்தார். அந்த முகத்தை நான் எழுத முடியாது. எழுதத் தெரிந்தவன் என்று பேர் வாங்கியும் முடியாது. அது துக்கமாக இல்லை. அதுதான் கொடுமை. அது சந்தோஷம்.

"எழுந்துட்டானா? மூச்சு வருதா தம்பி? அசைஞ்சானா?"

ஆறு பேரும் தாங்களாகவே பாடையை இறக்கினார்கள். அக்கா கொடியை விலக்கி, தம்பியின் கன்னத்தைத் தட்டினார். நெஞ்சில் காது வைத்தார். நிமிராமல் அப்படியே வெகுநேரம் இருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பின்ன ஏன் கொண்டாந்தீங்க?"

கையில் வாள். தலையில் தொப்பி. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து.

"தெரியலக்கா" என்றேன்.

அதற்குள் பெரியவர் ஆறுமுகம் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தார். பாதி வழி, திசை மாற்றியது, என் உத்தரவு என்று துண்டு துண்டாகச் சொன்னார். கேட்டு முடிந்ததும் அக்கா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கொடியை இழுத்து, குழந்தைக்குப் போர்வை சொருகுவதுபோல ஓரங்களைச் சொருகினார். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துக் கட்டினார்.

"தூக்குங்க. நானும் வரேன்."

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாதும்மா" என்றார் பெரியவர்.

"போன பொணம் வீட்டுக்குத் திரும்பி வரலாமா மாமா? அதுக்கு ஒரு முறை இருந்தா சொல்லுங்க. நான் உள்ள போயிடறேன்."

பெரியவரிடம் முறை இல்லை. வழிவிட்டு ஒதுங்கினார். என்னிடம் இருந்த முறைகளை யாரும் கேட்கவில்லை.

மறுபடி கிளம்பினோம். ஈரத்தலையோடு அக்கா பாடையின் பக்கத்தில் நடந்தார். மெதுநடையை யாரும் நினைக்கவில்லை. சின்னக்கண்ணு அவருக்குத் தெரிந்த அடியை அடித்தார். கால்கள் தாமாகச் சரியாயின. தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பிரச்சினை. ஏற்கெனவே திசை மாற்றியாகிவிட்டது, இன்னொரு தரம் மாற்றக்கூடாது என்றார் பெரியவர். கிள்ளானிலிருந்து வந்திருந்த, கொள்ளி வைக்கவேண்டிய சித்தப்பா மகன், பிணம் வீட்டுக்குப் போய்விட்டதால் முதல் தரம் கணக்கில் வராது, மறுபடி மாற்றவேண்டும் என்றான். வாக்குவாதம் சூடானது. அக்கா கையைத் தூக்கினார்.

"திருப்ப வேணாம். வாளும் கையுமா அந்த ஆளு இன்னும் முன்னாலதான் நிக்கிறாரு."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு இன்னொருவர். பாடை தூக்கிய கோபாலின் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நான் வாளை உறையில் போட்டுவிட்டு வரிசையின் பின்னால் போய்ச் சேர்ந்தேன்.

சுடுகாட்டில் வேட்டுப் போட்டோம். மரங்களில் இருந்த காகங்களெல்லாம் எழுந்தன. ஆண்களில் பாதிப்பேர் காதைப் பொத்தினார்கள். அக்கா பொத்தவில்லை. கொள்ளி வைத்து, நெருப்பு பிடித்து, விறகு உள்வாங்கும்வரை நின்றார். பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குத் தெரிந்து அதுவரை ஒரு பெண்ணும் அப்படி நின்றதில்லை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஒதுங்கவில்லை.

மறுவாரம் மேஜர் துரை என்னைக் கூப்பிட்டார். தன் வாழ்நாளில் இவ்வளவு உருக்கமான இறுதி ஊர்வலத்தைப் பார்த்ததில்லை என்றார். முக்கியமாக, இறந்தவன் வீட்டைக் கடைசியாக ஒருமுறை பார்க்கத் திரும்புகிற அந்தக் கட்டம். இந்து சிப்பாய்களின் இறுதி மரியாதையில் இனி அதையும் சேர்க்கவேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. மூடிக்கொண்டேன். லான்ஸ் கார்ப்பரல் இடம் ஒன்று காலியாக இருப்பதாகவும், படித்தவர்கள் பொறுப்பெடுக்க வேண்டுமென்றும் சொல்லி, சட்டைக் கையில் தைக்கிற ஒற்றைப் பட்டையை என்னிடம் கொடுத்தார். அது யாருடைய இடம் என்று அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே பத்து நாள் திரிந்தேன். மெஸ்ஸுக்குப் போக முகமில்லை. கடைசியில் அக்கா கோபாலிடம் சொல்லியனுப்பினார். போனேன். இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு கை நீட்டினார்.

"குடுங்க. கோபால் சொன்னான்."

தம்பியின் சட்டைக்கு எத்தனையோ தரம் தைத்த கை. என் சட்டையில் தைத்தார்.

"கோணலா இருக்குதா?"

"லேசா, அக்கா."

"இருக்கட்டும். பாக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கையா இருக்கும்."

பிறகு நிஜமான யுத்தம் வந்தது. கோபால் ரயில்பாதை போடப் போனவர்களோடு சயாமுக்குப் போனான், வரவில்லை. அன்று பாடை சுமந்த ஆறு பேரில் இருவரைத்தான் பிறகு பார்த்தேன். மேஜர் துரை எதிரிகளின் சிறையில் இறந்ததாகக் கேள்விப்பட்டேன். அவரை எப்படி, எந்த மரியாதையோடு எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த வருஷங்களில் ஊர்வலம் என்று ஒன்று கிடைத்துப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரே ஆளுக்கு இரண்டு ஊர்வலம் என்பது ராஜபோகம் என்று அக்காவே ஒருமுறை சொன்னார்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்கள் அக்காவை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கதையை அவர்களுக்குச் சொன்னதும் அத்தைதான். வீட்டிலிருந்து கிளம்பி, குடையை மறந்து நான் திரும்பி வந்தால் போதும். "அப்பா பாதி வழியில திருப்பிட்டாரு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால் மனைவி முன்னால் நடப்பாள். வழி தெரிந்த இடமாக இருந்தாலும் எனக்கு முன்னால் நடக்க அனுமதியில்லை.

அக்காவுக்கு இப்போது உடம்பு முடியவில்லை. போன மாதம் பார்க்கப் போயிருந்தோம். படுத்திருந்தார். மெஸ்ஸைக் கிள்ளான் சித்தப்பா மகனின் பெண்ணிடம் விட்டாகிவிட்டது. என்றாலும் சமையல்கட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டால் கண் அங்கே போகிறது. என் மகன் குறும்பாக, "அத்தை, உங்களுக்கு ஒண்ணுன்னா அப்பாவ முன்னால விடமாட்டோம், பயப்படாதீங்க" என்றான். அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

அக்கா சிரித்தார். மூச்சு வாங்கியது. என் பக்கம் திரும்பினார்.

"இல்ல தம்பி. நீங்களே முன்னால நில்லுங்க. பாதி வழியில ஒரு தடவ திருப்புங்க. சமையல்கட்டுல இவ அடுப்ப அணைச்சாளான்னு பாத்துட்டுப் போயிடறேன்."